தாங்குது என்று எழுதிய கட்டம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இயந்திரங்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நான் இயக்கியவை எல்லாம் மாறிவிட்டன. மாறாதவை கையேட்டில் இருக்கின்றன. நான் சொல்ல வந்தது ஒரு சொல்லைப் பற்றி. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு நான் வகுப்பில் சரியான பொருள் சொன்னேன். பொருள் சரியாக இருந்ததால்தான் ஒரு மனிதன் சாகக் கிடந்தான்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுநீர் நிலையத்தில் பாதுகாப்பு அலுவலராக இருந்தேன். அதற்கு முன் சில ஆண்டுகள் வேலூரில் ஒரு நாளிதழில் மெய்ப்புப் பார்த்தவன். தெரியாத சொல் கண்ணில் பட்டால் அகராதியைத் திறக்காமல் தூக்கம் வராது. அந்தப் பழக்கம் இந்த வேலைக்கும் உதவும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் தோல் வாங்கிய வெளிநாட்டு நிறுவனம் தினமும் நிரப்ப வேண்டிய ஒரு தாளைக் கொடுத்திருந்தது. கழிவுநீர்க் குழியருகே நின்று நிரப்ப வேண்டும். ஏணி உறுதியாக இருக்கிறதா, விளக்கு எரிகிறதா, மூடி மூடியிருக்கிறதா என்று ஆறு கட்டங்கள். ஏழாவது கட்டம் நாற்றத்துக்கு. அதில் இரண்டு சொற்கள் அச்சிட்டிருக்கும்: டாலரபிள், இன்டாலரபிள். ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும்.

தாள் வந்த வாரம் வகுப்பு எடுத்தேன். பம்ப் ஆபரேட்டர் முருகேசன் கை தூக்கினான்.

"சார், ஏழாவதுல இன்னா போட்றது? ரெண்டும் ஒரே மாதிரி கீது."

எனக்குப் பிடித்த கேள்வி அது. முந்தின நாளே பார்த்து வைத்திருந்தேன். "இது லத்தீன்லருந்து வந்த சொல்லு. பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போச்சு. அதோட வேருக்கு அர்த்தம், சுமக்கறது, தாங்கறது. முதுகுல மூட்டைய ஏத்தறாங்க. நீ எந்திரிச்சு நடந்துட்டா டாலரபிள். நடக்க முடியலன்னா முன்னால ஒரு 'இன்' சேத்துக்கோ. தாங்க முடியாதது."

"அவ்ளோதானா? அப்ப நமக்கு ஒரு பேஜாரும் இல்ல," என்றான் முருகேசன்.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட அன்வர் பின்வரிசையிலிருந்து, "மேனேஜர் கத்தறதயே தாங்கறோம். நாத்தம் இன்னா சார் பெருசு?" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகள் ஏழாவது கட்டத்தில் டாலரபிள் மட்டும்தான். ஒரு நாள்கூட மாறவில்லை. யாரும் பொய் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். தாங்குகிறதா என்று கேட்டேன். தாங்குகிறது என்று உண்மையைச் சொன்னார்கள்.

நீங்கள் இந்தப் பக்கத்துக்காரர்கள் என்றால் காரணம் தெரியும். பேருந்து ஆம்பூரை நெருங்கும்போது வெளியூர்க்காரர் கைக்குட்டையைத் தேடுவார், ஊர்க்காரர் அதைப் பார்த்துச் சிரிப்பார். இங்கே நாற்றம் என்றால் வேலை ஓடுகிறது என்று பொருள். அது தாங்கவில்லை என்று சொல்கிற ஆள், இந்த வேலைக்குத் தான் ஆகாதவன் என்று சொல்கிறான். இன்டாலரபிளில் டிக் போடுவது குழியைப் பற்றி எழுதுவதாக யாருக்கும் படவில்லை. தன்னைப் பற்றி எழுதுவதாகப் பட்டது.

கோமதி வந்த பிறகுதான் முதல் முறையாக அதில் டிக் விழுந்தது. பரிசோதனைக் கூடத்துக்குப் புதிதாக வந்த கெமிஸ்ட். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து தினமும் பேருந்தில் வருவாள். தாளை நிரப்பும் வேலை அவளுக்குப் போயிற்று. வந்த இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, இன்டாலரபிள் என்று போட்டிருந்தாள்.

"மேடம்க்கு மூக்கு ஜாஸ்தி," என்றான் அன்வர்.

"ஒரு மாசம் போவட்டும் மேடம்," என்றான் முருகேசன். "அப்பறம் அந்த மூக்குல பிரியாணி வாசன மட்டுந்தான் ஏறும்."

அவளும் சிரித்தாள். ஆனால் விடவில்லை. "தோல் நாத்தம் எனக்குப் பழகிடுச்சுண்ணா. இது வேற. அழுகின முட்டை மாதிரி. நேத்து இவ்ளோ இல்ல."

நேற்று இவ்வளவு இல்லை. அந்தத் தாள் எங்களுக்குத் தந்த ஒரே பயனுள்ள செய்தி அதுதான். அது தாளில்கூட இல்லை, அவள் வாயில் இருந்தது. நான் கேட்டேன். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

தாளைக் கொடுத்த வெளிநாட்டு நிறுவனத்தின் தணிக்கைக்குப் பத்து நாள் இருந்தது. அவளை என் அறைக்கு அழைத்தேன். "நீ புதுசு கோமதி. போகப் போகப் பழகிடும். இந்த ஒரு டிக்குக்கு அவங்க நாலு மணி நேரம் கேள்வி கேப்பாங்க."

"பழகிட்டா நாத்தம் போயிடுமா சார்?"

"உனக்கு நாத்தம் தெரியாது."

"அது எனக்குத்தான சார்? குழிக்கு?"

புத்திசாலிப் பெண் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அந்த டிக்கை நானே அடித்து, பக்கத்தில் டாலரபிளைக் குறித்து, ஓரத்தில் என் சுருக்கொப்பம் இட்டேன். அவளைச் செய்யச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நான் நேர்மையானவன் என்று அப்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

இனி ஏணி. குழிக்குள் இறங்க வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும், வாயு அளக்கும் மீட்டர் வேண்டும், காற்று ஊதும் புளோயர் வேண்டும், மூச்சுக் கருவி வேண்டும், மேலே இரண்டு பேர் நிற்க வேண்டும். எல்லாம் தயாராக ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் தோலிலிருந்து சீவிய சதையும் முடியும் திரண்டு பம்ப் வாயை அடைப்பது வாரம் இரண்டு முறை நடக்கும். அதை இழுத்தெடுக்க ஒரு நீளமான கொக்கிக் கம்பு இருந்தது. மேலே நின்றபடி கம்பை விட்டால் எட்டாது. ஏணியில் இரண்டு படி இறங்கி நின்றால் எட்டும்.

ஆகவே எங்கள் நிலையத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது: இரண்டு படி இறங்கினால் அது இறங்கியதாகாது. "காலுதான சார் உள்ள கீது. தல வெளிய கீதில்ல," என்பான் முருகேசன். நின்றால் தலை வெளியேதான். ஆனால் கம்பை இழுக்கக் குனிந்தால் தலை உள்ளே போகும். குனிவதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. பாதுகாப்பு அலுவலரான நான் அதைப் பார்த்தபடி எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். சில நாள் "ஜாக்கிரதை" என்றும் சொல்லியிருக்கிறேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பகல். பாதிப் பேர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள். அன்வரும் போயிருந்தான், ஸ்டோர் சாவி அவன் ஜிப்பாப் பையில். மூச்சுக் கருவி ஸ்டோருக்குள் பூட்டிக் கிடந்தது. தணிக்கைவரை தூசி படாமல் இருக்கட்டும் என்று பூட்டி வைக்கச் சொன்னது நான். மீட்டரும் அங்கேதான், சார்ஜ் இல்லாமல்.

பம்ப் அடைத்துக்கொண்டது. முருகேசன் கம்போடு இரண்டாம் படியில் நின்றான். கோமதி பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் பாட்டிலோடு குழி விளிம்பில் காத்திருந்தாள். நான் மூன்றடி தள்ளி நின்று தணிக்கைக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். காலையில் அமிலத் தண்ணீரும் சுண்ணாம்புப் பிரிவின் சல்பைடு தண்ணீரும் தவறுதலாக ஒரே குழிக்கு வந்து சேர்ந்திருந்தன. இரண்டும் கலந்தால் விஷவாயு கிளம்பும். கலந்த செய்தி அப்போது எங்களுக்குத் தெரியாது.

முருகேசன் குனிந்து இரண்டு முறை இழுத்தான். பிறகு சிரித்தபடி சொன்னான்.

"மேடம், உங்க நாத்தம் போய்ட்ச்சு. சுத்தமா இல்ல."

கோமதி மூக்கைப் பொத்தியிருந்தாள். "எனக்கு வருதேண்ணா. கண்ணெல்லாம் எரியுது."

"இங்க கீழ ஒண்ணுமே இல்ல மேடம். பூ மாதிரி கீது."

இந்த மூன்று பேச்சையும் இன்னொரு முறை படியுங்கள். தள்ளி நிற்பவளுக்கு நாறுகிறது. குனிந்து நிற்பவனுக்கு நாறவில்லை. அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை போல நாறும். அதிகமானால் முதலில் மூக்கைக் கொல்லும். கையேட்டில் இது ஒரு வரியாக இருக்கிறது. நான் படித்திருந்தேன். தணிக்கையில் அதைப் பற்றிக் கேள்வி வராது என்பதால் வகுப்பில் சொல்லவில்லை.

அந்த வரி நினைவுக்கு வர எனக்கு இரண்டு மூச்சு நேரம் ஆனது.

"முருகேசா, மேல வா. உடனே வா."

"ஒரே இழுப்பு சார். மாட்டிக்கினு..."

வாக்கியம் முடியவில்லை. கம்பு விழுந்த சத்தம் முதலில் கேட்டது. அவன் விழுந்ததாகத் தோன்றவில்லை. களைத்தவன் உட்காருவது போல ஏணியிலிருந்து நழுவினான். பத்தடிக்குக் கீழே, பம்ப் பொருத்தியிருந்த இரும்பு மேடையில் மல்லாந்து கிடந்தான். ஒரு கை தண்ணீருக்குள் இருந்தது.

என் வலது கால் ஏணியின் முதல் படியில் இருந்தது. வைக்கலாமா என்று யோசித்து வைக்கவில்லை. கால் போய்விட்டது. பின்னாலிருந்து சட்டைக் காலரை யாரோ இழுத்தார்கள். கழுத்து இறுகியது.

"எங்க போறீங்க சார்?" கோமதி அலறினாள். "எறங்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க!"

மூன்று நாள் முன்னால் நான் திருத்திய பெண் என்னைத் திருத்தினாள். அவள் இழுக்காமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

அவளை ஆம்புலன்ஸுக்கும் அன்வருக்கும் போன் செய்யச் சொல்லிவிட்டு, புளோயரை இழுத்து வந்து அதன் குழாயைக் குழிக்குள் விட்டு ஓடவிட்டேன். பிறகு கடப்பாரையோடு ஸ்டோருக்கு ஓடினேன். பெரிய பூட்டு. நானே பார்த்து வாங்கியது. நான்காவது அடியில் கொண்டி பெயர்ந்தது. மூச்சுக் கருவியைத் தோளில் போட்டுத் திரும்பும்போது வண்டிச் சத்தம் கேட்டது. அன்வர் வண்டியை நிறுத்தவில்லை. அப்படியே கீழே போட்டுவிட்டு, வெள்ளை ஜிப்பாவோடு குழியை நோக்கி ஓடினான். கோமதி அவன் குறுக்கே நின்று கைகளை விரித்தாள். அவளைத் தள்ளிவிட்டு ஏணியைப் பிடித்தான். நான் போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"உடு சார்! கண்ணெதிர கீறான் சார்! என் தோஸ்த்து சார்!"

"நீ போனா ரெண்டு பேரத் தூக்கணும் அன்வர்."

"எனக்கு ஒண்ணும் ஆவாது! இருவது வருசமா இந்த நாத்தத்தத் தாங்கறேன்!"

வகுப்பில் நான் கொடுத்த பொருள் அப்படியே அவன் வாயிலிருந்து வந்தது.

"இப்ப நாறுதா உனக்கு?" என்று கேட்டேன்.

அவன் திமிறுவதை நிறுத்தினான். மூச்சை இழுத்துப் பார்த்தான். முகம் மாறியது.

"இல்ல சார்."

கோமதி மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் வரல சார். இப்பதான் நின்னுது."

புளோயர் உள்ளே இருந்ததை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் அதற்குள் நின்றுகொண்டிருந்தோம். பகல் வெயில், வேப்பமரத்தில் காகம், எதிலும் ஒரு மாற்றமும் இல்லை. நல்ல காற்றைப் போலவே இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. இருவரையும் இழுத்துக்கொண்டு காற்று வரும் திசைக்கு ஓடினேன். மரத்தடியில் போய் நின்றோம். மறுபடி மூக்கில் அழுகிய முட்டை வாடை ஏறியது. கோமதி அழுதாள். எனக்கு அந்த நாற்றம் அப்போது தாய்வீடு போல இருந்தது.

"அத எங்கிட்ட குடு சார். நான் போறேன்," என்று அன்வர் மூச்சுக் கருவியைப் பிடித்தான்.

"தாடி கீது பாய் உனக்கு. மாஸ்க் ஒட்டாது. ஓரமா காத்து பூந்துடும்."

அவன் தாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அந்தக் கருவியைப் போடப் பயிற்சி பெற்றவர்கள் இருவர். ஒருவன் கீழே கிடந்தான்.

"அப்ப நீ போ சார்," என்றான்.

கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, தோளில் இன்னொரு கயிற்றோடு இறங்கினேன். முகமூடிக்குள் என் மூச்சு மட்டும் கேட்டது. நாற்றம் இல்லை. முகமூடி சரியாகப் பொருந்தியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். என் மூக்கு செத்துவிட்டது என்பதற்கும் அதுவே அடையாளம். இரண்டில் எது என்று அறிய என்னிடம் வழி இல்லை. படிகளை எண்ணினேன். இதுவரை கால் உணர்கிறது, இதுவரை கை பிடிக்கிறது என்று ஒவ்வொரு படியிலும் எனக்கே சொல்லிக்கொண்டேன். முருகேசனின் கண்கள் திறந்திருந்தன, என்னைப் பார்க்கவில்லை. அக்குளுக்கடியில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட மூன்று முறை முயன்றேன். அவசரத்தினாலா, வாயுவினாலா என்று தெரியவில்லை. மேலே, காற்று வரும் பக்கம் நின்று, அன்வரும் சத்தம் கேட்டு ஓடி வந்த வாசல் காவலர்கள் இருவரும் இழுத்தார்கள். அவன் கால் என் தலையைக் கடந்து மேலே போனதைப் பார்த்த பிறகுதான் ஏணியைப் பிடித்தேன்.

முருகேசன் பிழைத்தான். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்களைக் காக்க வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் குரல் பழையபடி வரவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்லை மறந்து நிற்பான். ஏழாவது கட்டத்தை எடுத்துவிட்டோம். இப்போது அங்கே மீட்டர் காட்டும் எண்ணை எழுதுகிறார்கள். அகராதியை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லைப் பிறகு பல முறை எடுத்துப் பார்த்தேன். மூட்டையைச் சுமக்கும் ஒரு முதுகிலிருந்து அது பிறந்திருக்கிறது. மூட்டை என்ன எடை, உள்ளே என்ன இருக்கிறது என்பதெல்லாம் அதில் இல்லை. முதுகு மட்டும்தான் இருக்கிறது. வலுவான முதுகுக்காரர்களிடம் அதைக் கேட்டால் வலுவான பதில் வரும். நீங்கள் வந்த முதல் வாரத்தில் எது உங்களை மூக்கைப் பொத்த வைக்கிறதோ, அதை யார் சிரித்தாலும் எழுதிவையுங்கள். நேற்றைவிட இன்று அதிகமா என்றும் எழுதுங்கள். சில மாதங்களில் நீங்களும் தாங்கத் தொடங்கிவிடுவீர்கள்.

ஆனால் அன்று மாலை அவன் பிழைப்பானா என்று யாருக்கும் தெரியாது. வேலூர் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "ரிப்போர்ட் ரெண்டு வரி போதும். பர்மிட் இல்லாம எறங்கினாரு. உண்மைதான?" என்றார்கள். உண்மைதான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

முருகேசனின் மனைவி லட்சுமி செருப்புத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்பவர். வேலையிடத்துத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். நான் போனில் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வைத்ததும் என் எதிரே வந்து நின்றார்.

"சார், அவரு எறங்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"மூணு அடி தள்ளி."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்மா."

"வாணாம்னு சொன்னீங்களா?"

"இல்ல."

சிகிச்சை அறையின் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இன்னிக்கி மட்டும் சொல்லலயா? எப்பவுமே சொன்னதில்லயா?"

பொய் சொல்ல வசதியான இடம் அது. சாட்சி சொல்லக்கூடியவன் கதவுக்குப் பின்னால் குழாய்களோடு கிடந்தான்.

"எப்பவுமே சொன்னதில்லமா."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அத அப்படியே எழுதுங்க சார். நாளைக்கு அவரு கண்ணத் தொறந்தா, திருட்டுத்தனமா எறங்கினவன்னு யாரும் சொல்லக் கூடாது. தொறக்காம போய்ட்டாலும் சொல்லக் கூடாது."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். முருகேசன் இரண்டாம் படியில் இறங்கி நின்றான். எல்லா நாளும் அப்படித்தான் நின்றான். நான் மூன்றடி தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை. அதற்கு முன் ஒரு நாளும் தடுத்ததில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை கோமதி தாளில் குறித்ததை அடித்தது நான்.

லட்சுமி தாளை வாங்கி, உதடு அசைய மெதுவாகப் படித்தார். கடைசிவரை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கையெழுத்து போடுங்க," என்றார்.

போட்டேன். சுருக்கொப்பம் இல்லை, முழுப் பெயர்.